பன்னிரண்டு மணிக்குள்

பன்னிரண்டு அடிப்பதற்குள் வாங்கிவிட வேண்டும்,
அதற்குமேல் வாங்கினால் அது வெறும் பொம்மை
என்று ஆர்லிங்டன் முழுக்க விரட்டிக்கொண்டு வந்தாள் நெலிடா,
சிவப்பு விளக்குகளை ஒவ்வொன்றாகத் திட்டியபடி.

பல் மருத்துவமனையில் என்னோடு பில் போடுகிறவள்.
லா பாஸில் பிறந்தவள்.
"கிண்ணம் மாதிரி ஊர்" என்பாள்.
"பணக்காரர்கள் அடியில், காற்று இருக்கிற இடத்தில்.
நாங்கள் விளிம்பில்.
இங்கே பார், பேஸ்மென்டில் இருக்கிறேன்.
கீழே இறங்கினால் முன்னேற்றம் என்று யாரோ சொன்னார்கள்."

பள்ளிக்கூட ஜிம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
மேசை மேசையாக ஆசைகள், விரல் நீளத்தில்.
தீப்பெட்டி அளவில் சிமெண்டு மூட்டை.
நகத்தளவு செங்கல், நூறு சேர்ந்தால் ஐந்து டாலர்.
கதவு திறக்கிற மினிவேன்.
கல்யாணப் பத்திரம்; பக்கத்திலேயே
அதே விலைக்கு விவாகரத்துப் பத்திரம்.
துணை வேண்டியவர்களுக்குச் சேவல்.
தானே வாங்கிக்கொள்ளக் கூடாதாம், யாராவது தர வேண்டுமாம்.
நெலிடா என்னைப் பார்த்தாள்.
நான் செங்கல்லைப் பார்த்தேன்.

பேரம் பேச வாயெடுத்தேன். கிள்ளினாள்.
"வேண்டுதலில் சில்லறை பார்ப்பாயா?"

நான் தேடியது ஓரத்து மேசையில் இருந்தது.
இல்லை, இருந்திருக்கிறது.
கம்பளித் தொப்பிக்காரி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள்:
விசா தீர்ந்துவிட்டது.
பாஸ்போர்ட், கிரீன் கார்டு, எல்லாம் பதினொன்றரைக்கே.
இந்த வருஷம் வீட்டையும் காரையும் சீண்ட ஆளில்லை.
"அடுத்த வருஷம் வாங்க" என்றாள்.
சிரித்துவிட்டேன்.
பதினான்கு வருஷமாக
அசல் ஆபீசிலும் எனக்கு அதைத்தான் சொல்கிறார்கள்.

நெலிடா சிரிக்கவில்லை.
மேசைக்கு அடியிலிருந்து தொப்பிக்காரி
அவளுக்கென்று ஒதுக்கிவைத்த ஒன்றை எடுத்துத் தந்தாள்.
தம்பி மகன் லிம்பர்ட்டுக்காகப் போன மாதமே சொல்லிவைத்தது.
"அவன் கிளம்பிவிட்டான்" என்றாள் நெலிடா. "தானாகவே.
ஏணியைக்கூட வேன் மேலிருந்து இறக்காமல்."
என் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

உள்ளே புகை போட்டால் அலாரம் அடிக்கும் என்று
பள்ளிக்கூடத்து ஆள் கைகூப்பாத குறையாகக் கேட்டதில்
மொத்தக் கூட்டமும் கார் நிறுத்துமிடத்தில்.
ஒரு தகர டப்பா, அதில் கரி.
வாரமெல்லாம் பஸ் ஓட்டுகிற டான் சவேரியோ
இன்று ஒருநாள் பூசாரி.
சாம்பிராணி வாசனைதான், அடியில் கொஞ்சம் கசப்பு.

ஐந்து நிமிஷம் இருந்தது. காரின் மேல் வைத்துப் பிரித்தேன்.
பெயருக்கு ஒரே கட்டம்.

என் நிஜப் பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டம்.
அப்பா இரண்டாவதில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து
வங்கியில், வாடகைச் சீட்டில், கடைவாய்ப்பல் வீங்கி வந்தவர்கள் வாயில்
நான் மிஸ் வையாபுரி.
அவர் கேட்டால் மீசையைத் தடவிக்கொண்டிருப்பார்.

பேனா மை உறைந்திருந்தது.
உள்ளங்கையில் உருட்டி, ஊதி, உதறி
பூங்கோதை என்று எழுதினேன்.
தமிழிலேயே. யார் சோதிக்கப் போகிறார்கள்?

மணி அடித்தது. புகைக்குள் கையை நீட்டினோம்.
சவேரியோ ஒயினைத் தெளித்தார், பூவிதழ் உதிர்த்தார்.
குடிக்கக் கொடுத்ததில் முதல் சொட்டைத் தரைக்கு விட்டாள் நெலிடா.
பனி, பனிக்கடியில் தார்.
"அதற்கும் கீழே அவள் இருக்கிறாள்" என்றாள்,
மாடிவீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல.

பிறகு காருக்குள், ஹீட்டர் ஓட, ஆளுக்கொரு சல்தேன்யா.
நிமிர்த்திப் பிடித்து, முனையைக் கடித்து,
உள்ளே இருக்கிற சாறை முதலில் உறிஞ்ச வேண்டும்.
சிந்தியவர் அடுத்ததற்குக் காசு கொடுக்க வேண்டும், அது அவர்கள் ஊர்ச் சட்டம்.

சிந்தினேன்.
மடியில், திறந்து கிடந்த பக்கத்தில்,
என் பெயரின் 'தை' மேல் மஞ்சளாய்.
துடைக்கப் போனேன். "விடு" என்றாள்,
"முத்திரை மாதிரி இருக்கிறது.
இன்னும் இரண்டு வாங்கி வா, காரம் போட்டது."